பல்லில் இருப்பது டீக்கறைதானா?

(மூன்றாமாண்டு, சிவில் துறை மாணவர் ஒருவர் எழுதுவது)



நம் கல்லூரி கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் கணக்கு இல்லாத மாணவன் நம்மில் எத்தனை பேர்? ஒர்க்‌ஷாப் முடிந்தால் ஒரு டீ. அரியர் விழுந்தால் ஒரு டீ. அரியர் பாஸானால் இரண்டு டீ! மூன்று வருடப் படிப்பில் நாம் குடித்த டீயை ஒன்றாக ஊற்றினால் ஹைட்ராலிக்ஸ் லேபில் உள்ள தொட்டி நிரம்பிவிடும் என்றால் மிகையாகாது.

அந்த டீயைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கூடவே பல்லைப் பற்றியும். பல்லைப் பற்றி எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் தருமபுரி மாவட்டத்துக்காரன். என் முன்பற்களில் பழுப்பு நிறத்தில் குறுக்குக் கோடுகள் உண்டு. முதலாமாண்டு ஹாஸ்டலில் சேர்ந்த அன்றே ஒருவன் கேட்டான், "ஏன்டா, பல்லே விளக்க மாட்டியா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வாயை மூடிக்கொண்டு. என் அடையாள அட்டைப் போட்டோவைப் பாருங்கள். உதடு ஒட்டியே இருக்கும்.

"டீயை விடுடா, கறை போயிடும்" என்று நண்பர்கள் சொன்னார்கள். ஒரு வருடம் டீயைத் தொடவில்லை. உப்பு போட்டுத் தேய்த்தேன், அடுப்புக்கரி போட்டுத் தேய்த்தேன். ஈறு புண்ணானதுதான் மிச்சம். கறை அப்படியே இருந்தது.

இரண்டாமாண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் பல் பரிசோதனைக்கு ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். என் வாயைப் பார்த்ததும் அவர் பல்லைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"தம்பி, சொந்த ஊர் எது?"

"தருமபுரி பக்கம் மேடம்."

"சின்ன வயசுல எந்தத் தண்ணி குடிச்சீங்க?"

"போர் தண்ணிதான் மேடம்."

"அப்ப இது டீக்கறை இல்லப்பா. உள்ளேயே எழுதின எழுத்து. இதைத் தேய்க்காதீங்க, போகாது."

அன்று லைப்ரரியிலும் அதன் பிறகு அந்த டாக்டரம்மாவிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன்.

ஃபுளோரைடு: நண்பனா, பகைவனா?

பல்லின் மேல்பூச்சுக்கு எனாமல் என்று பெயர். நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த 'ஹைட்ராக்சி அபடைட்' என்ற படிகங்களால் ஆனது. நாம் சர்க்கரை தின்றால் வாயில் உள்ள பாக்டீரியாவும் அதைத் தின்று அமிலத்தை வெளியிடும். வாயின் பி.எச். அளவு ஏறக்குறைய 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரைய ஆரம்பிக்கும். சொத்தைப் பல்லின் கதை இவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஃபுளோரைடு உதவிக்கு வருகிறது. எச்சிலில் கொஞ்சம் ஃபுளோரைடு இருந்தால், கரைந்த எனாமல் திரும்பப் படியும்போது அதுவும் சேர்ந்துகொள்ளும். அப்படி உருவாகும் 'ஃபுளோர் அபடைட்' லேசில் கரையாது. அதற்கு பி.எச். 4.5 வரை இறங்க வேண்டும். பற்பசையில் ஃபுளோரைடு சேர்ப்பது இதற்காகத்தான்.

அதே ஃபுளோரைடு, பல் உருவாகும் வயதில் வயிற்றுக்குள் அளவுக்கு மேல் போனால் கதை தலைகீழாகிறது. ஈறுக்குள் எனாமலைக் கட்டிக்கொண்டிருக்கும் செல்களின் வேலை கெடுகிறது. கலவை சரியில்லாத கான்கிரீட்டில் நுண்துளைகள் விழுவதுபோல எனாமலிலும் விழுகின்றன. பல் முளைக்கும்போதே சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளைத் திட்டுகளோடு வரும். பிறகு சாப்பாட்டு நிறங்கள் அந்தத் துளைகளில் ஏறிப் பழுப்பாகும். இதற்குப் பெயர் பல் ஃபுளோரோசிஸ்.

இதில் நினைவில் வைக்க வேண்டியது வயது. ஞானப்பல் தவிர மற்ற நிலையான பற்களின் எனாமல் ஏறத்தாழ எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. முன்பற்களுக்கு முதல் மூன்று வருடங்களே முக்கியம். எனவே இருபது வயதில் நாம் எத்தனை டீ குடித்தாலும் புதிதாகப் பல் ஃபுளோரோசிஸ் வராது. நான் ஒரு வருடம் டீயை விட்டதற்குப் பலன் இல்லாமல் போனதும் இதனால்தான்.

கறையைக் கண்டுபிடித்த கதை

1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குத் தொழில் செய்யப் போன ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அந்த ஊர்க்காரர்களின் பல்லில் பழுப்புக் கறையைக் கண்டு வியந்தார். காரணத்தைத் தேடிப் பல ஆண்டுகள் அலைந்தார். தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்பது வரை புரிந்தது. அது என்ன என்பது 1931-இல் தெரிந்தது. அலுமினிய கம்பெனி ஒன்றின் வேதியியலார் சர்ச்சில், கறைப்பல் ஊர்களின் தண்ணீரைச் சோதித்து ஃபுளோரைடைக் கண்டுபிடித்தார். பிறகு டிரெண்ட்லி டீன் என்பவர் ஊர் ஊராக ஆராய்ந்து, லிட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் இருந்தால் சொத்தை குறைகிறது, பார்வைக்குத் தெரியும் கறையும் அதிகம் விழுவதில்லை என்று காட்டினார்.

நம் பக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில் ஃபுளோரோசிஸ் இருப்பதை ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் 1937-இல் வெளியிட்டார்கள். பல்லோடு நில்லாமல், எலும்பும் முதுகும் இறுகிப்போன மனிதர்களை அவர்கள் அங்கே பார்த்தார்கள்.

இன்று இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மி.கி.-க்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 மி.கி. வரை அனுமதி. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பும் 1.5 தான்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கங்களில் பல போர்களின் தண்ணீர் இதைத் தாண்டும். காரணம் பாறை. கருங்கல், நைஸ் போன்ற கடினப் பாறைகளில் உள்ள தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு மெல்ல மெல்ல நிலத்தடி நீரில் கரைகிறது. நீர் பாறையோடு எவ்வளவு காலம் கிடக்கிறதோ அவ்வளவு கரையும்.

டீயில் எப்படி வந்தது?

இனி டீக்கு வருவோம். தேயிலைச் செடி அமில மண்ணில் வளரும் செடி. நீலகிரி மலைத் தோட்டங்களின் மண்ணும் அப்படிப்பட்டதே. அமில மண்ணில் அலுமினியமும் ஃபுளோரைடும் கரைந்து நிற்கும். தேயிலைச் செடி இரண்டையும் வேரால் உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும். வேறு செடிக்கு நஞ்சாகும் அளவு சேர்ந்தாலும் தேயிலைக்கு ஒன்றும் ஆகாது.

இலை எவ்வளவு முற்றுகிறதோ அவ்வளவு ஃபுளோரைடு ஏறும். 'இரண்டு இலை, ஒரு மொட்டு' என்று பறிக்கும் கொழுந்தில் குறைவு. முற்றிய இலையில் கிலோவுக்கு 1000 மி.கி.-ஐத் தாண்டுவதும் உண்டு. திபெத்திலும் உள்மங்கோலியாவிலும் முற்றிய இலையையும் காம்பையும் அழுத்திச் செங்கல் வடிவில் செய்த 'செங்கல் டீ'யை நாள் முழுக்கக் குடிப்பது வழக்கம். அங்கே டீயாலேயே ஃபுளோரோசிஸ் வந்தது. அதனால் சீன அரசு செங்கல் டீயில் கிலோவுக்கு 300 மி.கி.-க்கு மேல் இருக்கக்கூடாது என்று 2005-இல் வரம்பு கட்டியது.

நம் ஊர் டஸ்ட் டீ கொழுந்திலிருந்து செய்வதால் அந்த அளவு மோசம் இல்லை. ஆனால் தூள் பொடியாக இருப்பதால் சாறு சீக்கிரம் இறங்கும், ஃபுளோரைடும் சேர்ந்து இறங்கும். நல்ல தண்ணீரில் போட்டாலும் ஒரு லிட்டர் டிகாஷனில் 1 முதல் 5 மி.கி. வரை இருக்கலாம்.

"அப்போ பெரியவங்களுக்கு ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்பீர்கள். நாலைந்து டம்ளர் குடிப்பவர் பயப்பட வேண்டாம். ஆனால் எதற்கும் எல்லை உண்டு. அமெரிக்காவின் மிச்சிகனில் 47 வயதுப் பெண் ஒருவர் 17 வருடங்களாக ஒரு ஜக்கில் 100 முதல் 150 டீ பைகளைப் போட்டுத் தினமும் குடித்து வந்தார். எலும்பு அடர்ந்து, இடுப்பும் கை கால்களும் வலித்து, நொறுங்கும் தன்மை வந்து பற்கள் எல்லாவற்றையும் எடுக்க வேண்டி வந்ததாக 2013-இல் மருத்துவ இதழில் வெளியானது.

அம்மாவிடம் கேட்ட ஒரு கேள்வி

இதையெல்லாம் படித்துவிட்டு, 'நம்ம பல்லுக்குத் தண்ணிதான் காரணம், டீ இல்ல' என்று நிம்மதியாகப் பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனேன். வீட்டில் அக்கா தன் இரண்டு வயதுப் பாப்பாவுக்கு டம்ளரில் டீயை ஆற்றி, பொறையை நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஜப்பான் நிறுவனக் கடனுதவியோடு, ரூ.1,928 கோடிக்கு மேல் செலவில், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃபுளோரைடு கொடுமையைக் குறைக்கவே போட்ட திட்டம் அது. எங்கள் தெருக் குழாய்க்குக் காவிரி வந்தபோது என் முன்பற்கள் முளைத்தே முடிந்திருந்தன. எனக்குப் பிந்திவிட்டது. ஆனால் பாப்பாவுக்கு அப்படி இல்லையே! ஒரு சந்தேகத்தில் கேட்டேன்.

"அம்மா, டீ போட எந்தத் தண்ணி ஊத்துற?"

"போர் தண்ணிதான்டா. காவிரித் தண்ணி குடிக்கிறதுக்கு வெச்சிருக்கேன். டீதான் கொதிக்குதே, கொதிச்சா எல்லாம் போயிடும்ல?"

கொதித்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு உயிருள்ளது அல்ல, சாகாது. ஆவியாகவும் போகாது. தண்ணீர்தான் ஆவியாகும். ஆக, கொதிக்கக் கொதிக்க ஃபுளோரைடு செறிவு ஏறும். நீர் மேலாண்மையில் நாம் படித்த உப்புக் கணக்கேதான்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

போர் தண்ணீரில் லிட்டருக்கு 2 மி.கி. இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்குக்காகத் தூளில் கிலோவுக்கு 150 மி.கி. என்றும், அதெல்லாம் டீயில் இறங்குவதாகவும் வைத்துக்கொள்வோம்.

1 லிட்டர் தண்ணீரில் வந்த ஃபுளோரைடு: 2 மி.கி.
10 கிராம் தூளில் வந்தது: 1.5 மி.கி.
மொத்தம்: 3.5 மி.கி.

தண்ணீர் முக்கால் லிட்டராகச் சுண்டுகிறது. கால் லிட்டர் பால் சேர்க்கிறோம். ஆக 1 லிட்டர் டீயில் 3.5 மி.கி.

பாப்பா காலையில் அரை டம்ளர், மாலையில் அரை டம்ளர், ஆக 150 மி.லி. குடித்தால் உள்ளே போவது சுமார் 0.5 மி.கி. அரை லிட்டர் போர் தண்ணீரும் குடித்தால் இன்னும் 1 மி.கி. இரண்டும் சேர்ந்து 1.5 மி.கி. சோறு, குழம்பைச் சேர்க்கவே இல்லை.

இந்த வயதில் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.05 மி.கி. போதுமானது, 0.1 மி.கி.-ஐத் தாண்டக்கூடாது என்பது நிபுணர்கள் பின்பற்றும் அளவு. 10 கிலோ பாப்பாவுக்கு உச்ச வரம்பு 1 மி.கி. நம் கணக்கு ஒன்றரை மடங்கு!

இப்போது தண்ணீரை மட்டும் மாற்றுவோம். லிட்டருக்கு 0.3 மி.கி. உள்ள நல்ல நீர் என்றால், அதே டீயில் 0.27, குடிநீரில் 0.15, ஆக 0.42 மி.கி. டீயையும் நிறுத்திவிட்டால் வெறும் 0.15 மி.கி.

பாலில் உள்ள கால்சியம் ஃபுளோரைடில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு உறிஞ்சுவது குறையும் என்பதும் உண்மை. ஆனால் அதை நம்பி வரம்பை மீறலாமா? டேங்க் டிசைனில் 'ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி' வைக்கிறோம். நம் வீட்டுக் குழந்தைக்கு வைக்க வேண்டாமா?

எந்தக் கறை எது?

நம்மில் பலருக்கு இந்தக் குழப்பம் இருக்கும். எளிய அடையாளம் இதோ:

1. டீக்கறை பல்லின் மேலே படியும். ஈறோரத்திலும், பல்லிடுக்கிலும், உள்பக்கத்திலும் அதிகம் இருக்கும். பல் மருத்துவர் ஸ்கேலிங் செய்தால் போய்விடும்.

2. ஃபுளோரோசிஸ் எனாமலுக்குள்ளேயே இருக்கும். வலது பக்கப் பல்லில் எப்படியோ, இடது பக்கத்து ஜோடிப் பல்லிலும் அப்படியே இருக்கும். குறுக்கே வெள்ளைக் கோடாகவோ திட்டாகவோ பழுப்பாகவோ தெரியும். தேய்த்தால் போகாது. பிளீச்சிங், மேல்பூச்சு போன்ற சிகிச்சைகளால் மறைக்கலாம். அதைப் பல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

3. சொத்தை பள்ளமாகும், கூசும், வலிக்கும். டீயில் ஃபுளோரைடு இருக்கிறதே, சொத்தை வராது என்று எண்ணாதீர்கள். ஒரு டம்ளருக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டு நாளுக்கு ஆறு தடவை குடித்தால், டீ செய்யும் நன்மையைச் சர்க்கரை தின்றுவிடும்!

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: எட்டு வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு டீ வேண்டாம். பால் கொடுங்கள், ராகிக் கூழ் கொடுங்கள். அந்தக் கால்சியம் பல்லுக்கும் எலும்புக்கும் நல்லது.

இரண்டு: ஃபுளோரைடு உள்ள ஊர்களில் குடிக்க மட்டுமல்ல, சோறாக்க, குழம்பு வைக்க, டீ போட எல்லாவற்றுக்கும் நல்ல தண்ணீரையே பயன்படுத்த வேண்டும். போர் தண்ணீர் துணிக்கும் பாத்திரத்துக்கும் போதும்.

மூன்று: கொதிக்க வைத்தாலோ துணியில் வடிகட்டினாலோ ஃபுளோரைடு போகாது. ஆர்.ஓ. முறையிலும், ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டியிலும் குறையும். நாகபுரி நீரி நிறுவனம் உருவாக்கிய 'நல்கொண்டா முறை'யும் உண்டு. தண்ணீரில் சுண்ணாம்பும் படிகாரமும் அளவாகச் சேர்த்துக் கலக்கி, தெளிய வைத்து, வடிகட்டுவதே அது. அளவு தெரியாமல் வீட்டில் செய்து பார்க்கக்கூடாது.

நான்கு: சின்னப் பிள்ளைகளுக்குப் பிரஷ் நிறையப் பற்பசை வேண்டாம். மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

ஐந்து: நாம் டீயை விட வேண்டியதில்லை. சர்க்கரையைக் குறைப்போம். குடித்ததும் ஒரு வாய் தண்ணீரில் கொப்பளிப்போம்.

முடிவாக...

வீட்டில் நான் இந்தக் கணக்கை நோட்டில் போட்டுக் காட்டியபோது அம்மா புரிந்துகொண்டார். அக்கா யோசித்தாள். ஆயாதான் விடவில்லை.

"போடா, பெருசா படிச்சிட்டான். நீயெல்லாம் இந்தத் தண்ணியிலதான வளந்த? என்ன கெட்டுப்போச்சு?"

நான் பதில் சொல்லவில்லை. ஆயா முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்து பல்லைக் காட்டினேன். யாருக்கும் நானாகப் பல்லைக் காட்டியது அதுதான் முதல் தடவை. ஆயா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பாப்பாவின் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "பால் இருக்கா பாரு" என்று அக்காவிடம் சொன்னார்.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு குடங்கள். காவிரிக் குடத்துக்குச் சிவப்பு பெயின்டில் ஒரு கோடு. டீயும் அந்தக் குடத்துத் தண்ணீரில்தான்.

நண்பர்களே, நம் கல்லூரியில் பல மாவட்டத்துப் பிள்ளைகள் படிக்கிறோம். அடுத்த முறை ஊருக்குப் போய்த் திரும்பும்போது உங்கள் ஊர்ப் போர் தண்ணீரை ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டு வாருங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால் ஃபுளோரைடு எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் பேசுங்கள். படிப்பு பரீட்சை ஹாலோடு முடிந்துவிடக் கூடாது.

என் பல்லில் எழுதியதை அழிக்க முடியாது. பாப்பாவுக்கு ஆறு ஏழு வயதில் முளைக்கப்போகும் முன்பற்கள் இப்போதுதான் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அவள் பள்ளிக்கூடப் போட்டோவில் வாயைத் திறந்து சிரிக்கட்டும்!

சிந்திப்போம்! செயல்படுவோம்!